கரண்ட்ல ஓடுற செயின் சா மெஷின்ல மரம் அறுக்கப் போறீங்களா?
புயல்ல விழுந்த வேப்பமரத்த துண்டு போடணும்னா முதல்ல லுங்கிய மாத்திட்டு பேண்ட், ஷூ, கண்ணாடி போடுங்க, தோள்ல தொங்குற துண்டும் வேணாம். மரத்துல ஈபி லைன் மாட்டிருந்தா கிட்டயே போகாதீங்க, ஈபிக்கு போன் போடுங்க. ஈரத்தரையில ஓட்டாதீங்க, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்) இருக்குற லைன்லதான் சொருகணும், ஒயர் எப்பவும் முதுகுப் பக்கமாவே கிடக்கட்டும்.

பெரிய ஆபத்து கிக்பேக்தான். பிளேடு நுனியோட மேல்பாதி எதுலயாவது பட்டுச்சுன்னா மெஷின் கண்ணிமைக்குறதுக்குள்ள மூஞ்சிய பாத்து எகிறும், அதனால நுனியால குத்தாம, ரெண்டு கையாலயும் கட்டைவிரல் சுத்தி வர்ற மாதிரி இறுக்கிப் பிடிச்சு, பிளேடுக்கு நேரா நிக்காம கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நின்னு அறுங்க, தோளுக்கு மேல தூக்கவே கூடாது. ஏணி மேல நின்னு அறுக்குறதெல்லாம் சுத்த கிறுக்குத்தனம்ங்க. வளைஞ்சு அமுங்கிக் கிடக்குற கிளை வெட்டுனதும் வில்லு மாதிரி அடிக்கும், அத பழகுன ஆளுகிட்ட விட்டுருங்க.

செயின டைட் பண்றது, ஆயில் ஊத்துறது எல்லாம் பிளக்க பிடுங்கிட்டுதான், சுவிட்ச ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது. கிளவுஸ் போட்டு இழுத்தா செயின் லேசா ஓடணும், ஆனா பிளேடுக்கு அடியில தொங்கக் கூடாது. சூடானா லூசாகும், நடுநடுவுல நிறுத்திப் பாருங்க, புது செயின்னா இன்னும் அடிக்கடி.