மனச்சோர்வின் கடுமையை நேர்காணலில் அளத்தல்: தோட்டப்புறக் கிளினிக்குகளில் பணியாற்றுவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில், மனச்சோர்வுடன் வருபவர் பெரும்பாலும் "உடம்புக்கு முடியல" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அவரிடம் பேசிவிட்டு ஒருவர் 12 என்றும் மற்றவர் 20 என்றும் மதிப்பெண் இட்டால், மருந்து பலன் தந்ததா என்பதை அடுத்த மாதம் யாராலும் சொல்ல முடியாது. மனச்சோர்வின் கடுமையை அளக்க மனநல மருத்துவர் மாக்ஸ் ஹாமில்டன் 1960-இல் வெளியிட்ட அளவுகோலில் 17 கூறுகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 0 முதல் 52 வரை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை அவர் மருத்துவரின் அனுபவத்துக்கே விட்டுவிட்டார். அந்தக் குறையை நீக்கவே ஜேனட் வில்லியம்ஸ் 1988-இல், கூறுதோறும் கேள்விகளை எழுதிவைத்த நேர்காணல் வழிகாட்டியை வெளியிட்டார்.

மருத்துவர் நோயை உறுதிசெய்த பிறகே இந்த அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும். இது கடுமையை அளக்குமே தவிர, நோயைக் கண்டறியாது. ஒவ்வொரு கூறின் முதல் கேள்வியையும் வழிகாட்டியில் உள்ளபடியே கேளுங்கள். பதில் தெளிவில்லை என்றால் மட்டும் உங்கள் சொற்களில் தொடருங்கள். "கடந்த ஒரு வாரம்" என்று பொதுவாகச் சொல்லாமல், "போன செவ்வாய்க்கிழமையிலிருந்து" என்று கிழமையைச் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றிய மூன்று கூறுகளில்தான் நம் ஊரில் அதிகம் தவறுகிறோம். விடியுமுன்னே விழித்துக்கொள்வதற்கு 0 முதல் 2 வரை மதிப்பெண் உண்டு: விழித்தாலும் மீண்டும் உறங்கிவிடுபவருக்கு 1, உறங்கவே முடியாதவருக்கு 2. ஆனால் முப்பது ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் அதிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு, போன பழக்கத்தில், ஓய்வுபெற்ற பிறகும் நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். அதற்கு மதிப்பெண் இல்லை. "நல்லா இருந்தப்ப எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க, ஐயா?" என்று கேட்ட பிறகே, இப்போது இரண்டு மணிக்கு விழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை எடைபோட முடியும். பசியும் அப்படித்தான். தைப்பூச விரதத்தில் ஒரு வேளை மட்டும் உண்பவரிடம், எவ்வளவு சாப்பிட்டார் என்பதைவிட, பசித்ததா என்றே கேட்க வேண்டும்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிய கேள்வியைத் தயக்கத்தால் மழுப்பக் கூடாது. நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. ஆம் என்று பதில் வந்தால், அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மதிப்பெண் காத்திருக்கலாம்.

மதிப்பெண்ணின் நம்பகத்தன்மையைச் சோதிக்க, இரண்டு மதிப்பீட்டாளர்களில் ஒருவர் கேள்வி கேட்க, இருவரும் கலந்து பேசாமல் தனித்தனியே மதிப்பிட வேண்டும். பிறகு மொத்தத்தை மட்டுமன்றிக் கூறு கூறாகவும் ஒப்பிடுங்கள். ஒன்றில் கூடியதும் மற்றொன்றில் குறைந்ததும் ஈடாகி, மொத்தம் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். இருவரின் மதிப்பெண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் காட்டும் தொடர்புக் கெழுவும் (correlation coefficient) போதாது. ஒருவர் எப்போதும் நான்கு மதிப்பெண் கூட்டியே இட்டாலும் கெழு முழுமையாக வந்துவிடும் என்பதால், அந்த வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும் உள்வகுப்புக் கெழுவையே (intraclass correlation) பயன்படுத்த வேண்டும்.

மறுமுறை அளக்கும்போது, இயன்றவரை அதே நேர்காணலாளரே கேட்கட்டும்; பழைய தாளை மட்டும், புதிய மதிப்பெண் எழுதி முடியும்வரை, கோப்பிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம்.