சின்ன ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்சியில் சேரப் போகிறீர்களா?

சிவில் முடித்துவிட்டு சென்னையிலோ கோவையிலோ ஒரு சின்ன ஸ்ட்ரக்சரல் ஆபீஸில் (கட்டடத்தின் பில்லர், பீம், கம்பிக்குக் கணக்குப் போட்டு டிராயிங் தரும் இடம்) சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னது என்றால் நிஜமாகவே சின்னது: ஒரு சார், இரண்டு இன்ஜினியர், இரண்டு டிராஃப்ட்ஸ்மேன், கணக்குப் பார்க்க வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் ஒரு அக்கா. சென்னையில் அப்படி ஓர் இடத்தில் ஏழு வருடம் இருந்தேன். அங்கே உங்களுக்கு உட்கார வைத்துப் பாடம் நடத்த யாரும் இல்லை, சாருக்கு நேரமே இருக்காது, ஆனால் மண் ரிப்போர்ட்டில் ஆரம்பித்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மொத்த வேலையும் உங்கள் மேஜை வழியாகத்தான் போகும். அதைப் பிடித்துக்கொள்வது எப்படி என்பதுதான் விஷயம்.

சேருவதற்கு முன்னால் பணத்தைப் பேசிவிடுங்கள். கூச்சப்பட்டால் பிறகு கஷ்டம். சம்பளம் எத்தனாம் தேதி வரும், அது சம்பளமா அல்லது 'புரொபஷனல் ஃபீஸ்' என்று 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துத் தருவார்களா என்று கேளுங்கள். பல சின்ன ஆபீஸ்களில் இரண்டாவதுதான் நடக்கிறது, ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் பிடித்த பணம் திரும்பி வரும். 20 பேருக்குக் குறைவாக இருந்தால் பிஎஃப் கட்டாயமில்லை, 10 பேருக்குக் குறைவாக இருந்தால் கிராஜுவிட்டியும் கிடையாது. ஆறு பேர் ஆபீஸில் இதையெல்லாம் எதிர்பார்க்காமல், அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் கேட்க வேண்டும்.

சம்பளம் ஏன் சில மாதம் தள்ளிப்போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபீஸ் தவணை தவணையாகத்தான் வரும்: அட்வான்ஸ், ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் வரும் அஸ்திவாரம்) டிராயிங் கொடுத்ததும் கொஞ்சம், ஒவ்வொரு ஸ்லாப்புக்கும் கொஞ்சம், கடைசித் தவணை கட்டடம் முடிந்ததும். அந்தக் கடைசித் தவணை முழுதாக வந்து நான் பார்த்தது குறைவு. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் அடுத்த பிராஜெக்ட்டும் அதே பில்டரிடமிருந்துதானே வர வேண்டும், எந்த சார் நோட்டீஸ் அனுப்புவார்?

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் மூன்று மாதம் ஈடாப்ஸ் (கட்டடத்தை மாடலாகப் போட்டுக் கணக்கிடும் சாஃப்ட்வேர்) பக்கம் அதிகம் போகாதீர்கள். டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அவருக்கு டிகிரி இல்லாமல் இருக்கலாம், ஆனால் எந்தக் கம்பி எங்கே மடங்கும், எந்த இடத்தில் லேப் (இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இணையும் இடம்) விடக் கூடாது, பீமும் பில்லரும் சேரும் இடத்தில் எத்தனை கம்பி நுழையும் என்பதெல்லாம் கையிலேயே இருக்கும். நீங்கள் கணக்குப் போட்டு 9 அங்குல அகல பீமில் ஒரே வரிசையில் ஆறு 20 எம்எம் கம்பி எழுதிக் கொடுத்தால், அவர் சிரித்துவிட்டு 'கான்கிரீட் எந்த வழியா தம்பி இறங்கும்?' என்பார். கான்கிரீட்டுக்கான இந்திய விதிப்புத்தகமான ஐஎஸ் 456ஐப் புரட்டிப் புரட்டிப் படித்ததைவிட அந்தக் கேள்வியில் எனக்கு அதிகம் புரிந்தது. (புத்தகத்தையும் படியுங்கள். கம்பி விவரத்துக்கு எஸ்பி 34 கையேட்டை மேஜையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது கைக்கணக்கு. சாஃப்ட்வேர் காட்டும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போனால் சார் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார். அவர் பிடிக்கும் விதம் ரொம்ப எளிமை. சாதாரண வீட்டுக் கட்டடத்தில் ஒரு மாடிக்கு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 டன் என்று வைத்துக்கொள்வார். நடு பில்லர் ஒன்று 16 சதுர மீட்டரைத் தாங்குகிறது, மேலே நான்கு ஸ்லாப், அப்படியென்றால் 77 டன் பக்கம் வர வேண்டும். மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்குமென்றால் ஃபுட்டிங் சுமார் 2க்கு 2 மீட்டர். உங்கள் மாடல் 40 டன் காட்டினால் எதையோ விட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் சுவர் எடைதான். 9 அங்குலச் செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கே 1.2 டன் பக்கம் வந்துவிடும். 140 காட்டினால் எதையோ இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அவர் அறைக்குள் போங்கள்.

மண் ரிப்போர்ட் இல்லாமல் ஃபுட்டிங் டிராயிங் தராதீர்கள். 'பக்கத்து மனை ரிப்போர்ட்டே இருக்கே சார், எதுக்கு வீண் செலவு' என்று கிளையன்ட் கேட்பார். சென்னையில் பெசன்ட் நகர் மணலும் வேளச்சேரிக் களிமண்ணும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. எங்கள் சார் அப்படிக் கேட்பவர்களிடம் வாதாடவே மாட்டார், மவுலிவாக்கம் என்று ஒரு பெயரை மட்டும் சொல்வார். 2014 ஜூன் 28 அன்று அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை இழுப்பதில்லை.

இப்போது நான் சொதப்பிய கதை. ஒரு நாள் ஆர்க்கிடெக்ட் ஆபீஸிலிருந்து போன்: கார் திரும்ப இடம் பத்தவில்லை, ஒரு பில்லரை 9 அங்குலம் தள்ள வேண்டும். சரி என்று மாடலில் தள்ளினேன், பீம் டிராயிங்கிலும் தள்ளினேன், ஃபுட்டிங் டிராயிங் ஏற்கெனவே சைட்டுக்குப் போயிருந்தது என்பதை மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து, பில்லர் கம்பி பழைய இடத்திலேயே கான்கிரீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறது என்று சைட் இன்ஜினியர் படம் அனுப்பினார். சார் திட்டவில்லை. என்னை வண்டியில் பின்னால் உட்கார வைத்து சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மேஸ்திரியிடம் நீயே விளக்கு என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து நான் செய்தது இதுதான். போனில் யார் என்ன மாற்றம் சொன்னாலும், வைத்த உடனே 'இன்று 11 மணிக்கு நீங்கள் சொன்னபடி சி7 பில்லரை 230 எம்எம் கிழக்கே தள்ளுகிறோம், சரிதானே' என்று ஒரு வரி மெயில். ஒவ்வொரு டிராயிங்கிலும் ரிவிஷன் எண், தேதி, மாறிய இடத்தைச் சுற்றி மேகக்கோடு. புதிய தாள் போகும்போது பழைய தாளைக் கிழிக்கச் சொல்லி, கிழித்த படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வேன். பக்கத்தில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

சைட்டுக்குப் போகும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள், ஆனால் கான்கிரீட் நாளன்று போகாதீர்கள். ரெடிமிக்ஸ் லாரி வாசலில் நிற்கும்போது நீங்கள் சொல்லும் எந்தத் திருத்தமும் நடக்காது. முந்தைய நாள் மதியமே வருவேன் என்று அடம்பிடியுங்கள். முதலில் பால்கனியைப் பாருங்கள். பால்கனி ஸ்லாப்புக்குக் கம்பி மேலே இருக்க வேண்டும், ஆட்கள் அதன் மேல் நடந்து நடந்து கீழே அமுக்கியிருப்பார்கள், தாங்கிப் பிடிக்க 'சேர்' கம்பி (நாற்காலி போல வளைத்த முட்டுக் கம்பி) போதுமான அளவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் கவர் பிளாக் (கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பக்கத்துக்கும் இடைவெளி விட வைக்கும் கட்டை): பில்லருக்கு 40 எம்எம், ஃபுட்டிங்குக்கு 50. ஜல்லியை வைத்து முட்டுக் கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் குரலை உயர்த்தாதீர்கள். அவர் வயதுக்கு 'அண்ணே' என்று ஆரம்பித்து, ஏன் என்று காரணம் சொன்னால் போதும், அடுத்த முறை அவரே போன் செய்து கேட்பார்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஏற்கெனவே கட்டிய கட்டடத்துக்கு ஸ்டெபிலிட்டி சான்றிதழ் (கட்டடம் உறுதியாக இருக்கிறது என்ற சான்று) அவசரமாக வேண்டும் என்று யாராவது வருவார்கள், சார் ஊரில் இருக்க மாட்டார், நீயே பார்த்து ஒரு கையெழுத்துப் போடப்பா என்பார்கள். பார்க்காத கட்டடத்துக்குப் போடாதீர்கள், பார்த்திருந்தாலும் உங்கள் பெயரில் இன்ஜினியர் பதிவு இல்லையென்றால் போடாதீர்கள்.

எவ்வளவு காலம் இருக்கலாம்? என் கணக்கில் மூன்று வருடம் குறைந்தபட்சம், ஒரு கட்டடத்தை மண்ணிலிருந்து மொட்டைமாடி வரை பார்த்து முடிக்க அவ்வளவு ஆகும். நான் ஏழு இருந்தது கொஞ்சம் அதிகம். கிளம்பும்போது டிராயிங்குகளைப் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள், அவை ஆபீஸுடையவை. அனுபவச் சான்றிதழில் நீங்கள் செய்த பிராஜெக்ட்டுகள், எத்தனை மாடி, உங்கள் பங்கு என்ன என்பதெல்லாம் வர வேண்டும் என்று கேளுங்கள். 'நீயே டைப் பண்ணிக் கொண்டு வா' என்பார் சார். அன்றைக்கே டைப் செய்து சீல் வாங்கிவிடுங்கள், லெட்டர்ஹெட் எந்த டிராயரில் இருக்கிறது என்பது அந்த ஆபீஸில் உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.