நார்தர்ன் பைக் மீனுக்குத் தூண்டில் வாங்கும்போது புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்தர்ன் பைக் மீனுக்காக முதன்முறையாகத் தூண்டில் வாங்கச் செல்பவரின் கை, இயல்பாகவே பளபளக்கும் செயற்கை இரைகளின் பக்கம் நீளும். வண்ணம் பூசிய மீன் உருவங்களும் மின்னும் தகடுகளும் பெட்டியை நிறைத்த பிறகுதான் கழியைப் பற்றியும் நரம்பைப் பற்றியும் யோசனை எழுகிறது. பல்லைத் தாங்கும் கம்பியும், பிடிபட்ட மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றும் குறடும் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. இந்த வரிசை தலைகீழானது. மீனின் வாயில் தொடங்கி நம் கையை நோக்கி வந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால், புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும்.

அந்த வாய் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். வட அமெரிக்கா, ஐரோப்பா, சைபீரியா ஆகிய பகுதிகளின் குளிர்ந்த ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழும் இந்த மீன், நீர்த்தாவரங்களின் ஓரத்தில் அசையாமல் காத்திருந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் அம்பு போலப் பாய்ந்து கவ்வும். அதன் கீழ்த்தாடையில் நீண்ட, கூரிய கோரைப்பற்கள் உள்ளன; மேலண்ணத்தில் வரிசை வரிசையாக உள்ள சிறு பற்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், உள்ளே போன இரை வெளியே நழுவுவது அரிது. சாதாரண நைலான் நரம்பு இந்தப் பற்களில் ஒருமுறை உரசினாலே அறுந்துபோகும். தாடையோ எலும்பாலானது, மழுங்கிய முள் அதில் ஏறாது.

கழற்றும் கருவி இல்லாமல் கரைக்குச் செல்வது

பட்டியலில் முதலில் எழுத வேண்டியது, ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள, மெல்லிய மூக்குடைய குறடு. சிறிய குறடுடன் சென்றவர், ஆழமாகப் பதிந்த முள்ளை எடுக்க விரல்களை அந்தப் பற்களுக்கு நடுவே நுழைக்க நேரிடும். அதோடு, முள்ளின் தண்டையே துண்டிக்கக்கூடிய வலுவான வெட்டுக் குறடு ஒன்றும் கட்டாயம் வேண்டும். சிக்கலான இடத்தில் மாட்டிய முள்ளை இழுத்துப் போராடுவதைவிட, அதை இரண்டாக வெட்டி எடுப்பது மீனுக்கும் நல்லது, நம் விரல்களுக்கும் நல்லது. ஒரு முள் போனால் போகட்டும்.

வலைக்கும் இதே முக்கியத்துவம் உண்டு. முடிச்சுகள் நிறைந்த நைலான் வலை, மீனின் மேலுள்ள வழவழப்பான பாதுகாப்புப் படலத்தைச் சுரண்டிவிடும், துடுப்புகளைக் கிழிக்கும். அத்துடன் முட்கள் அதன் கண்ணிகளில் சிக்கிக்கொள்வதால், மீன் தண்ணீருக்கு வெளியே துடிக்கும் நேரமும் நீளும். ரப்பர் பூசிய, அகன்ற, ஆழமான வலையே இதற்குப் பொருத்தம். பல்லுள்ள மீன் என்பதற்காகக் கண்குழிகளில் விரல்விட்டுத் தூக்கும் பழக்கத்தை இன்றும் சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். திருப்பி விடப்போகும் மீனுக்கு அது கொடுமை, ஒருபோதும் செய்யக் கூடாது.

கம்பி லீடரைத் தவிர்ப்பது

புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நரம்புக்கும் இரைக்கும் இடையே கட்டப்படும், பல்லுக்கு அறுபடாத இணைப்பையே லீடர் என்கிறோம். கம்பி தண்ணீரில் தெரியும், அதைக் கண்டால் மீன் அஞ்சி விலகும் என்ற காரணத்தைச் சொல்லிப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பாய்ந்து கவ்வும் மீன் நகரும் இரையைத்தான் பார்க்கிறது. இரைக்கு முன்னே உள்ள மெல்லிய கம்பியை நின்று ஆராய்வதற்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. லீடர் இல்லாமல் வீசிய என் முதல் நாளில், நரம்பு கத்தரித்ததுபோல் வெட்டுப்பட்டு, இரண்டு மும்முள் கொத்துகள் தொங்கும் இரையோடு ஒரு பைக் போய்விட்டது. இழந்த இரையைப் பற்றி எனக்கு வருத்தமில்லை; வாய் தைக்கப்பட்ட நிலையில் போன அந்த மீனை நினைத்தால்தான் இன்னும் மனம் கனக்கிறது.

செயற்கை இரை வீசுவதற்கு 30 செ.மீ. நீளமும், 13 முதல் 20 கிலோ வரை இழுவிசை தாங்கும் வலுவும் கொண்ட எஃகு லீடர் போதும். அதைவிடக் குட்டையானதை வாங்கினால், மீன் இரையை முழுவதுமாக விழுங்கும்போது நரம்பே பல்லுக்கு எட்டிவிடும். மெல்லிய எஃகு இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்த கம்பி வளைந்து கொடுப்பதால், இரையின் அசைவைக் கெடுப்பதில்லை. மாறாக, தடித்த, விறைப்பான கம்பியைச் சிறிய இரையில் கட்டினால், அதன் தலை தாழ்ந்து, ஆட்டம் செத்துவிடும். வலுவாக இருக்கட்டும் என்று கடையிலேயே தடித்ததை எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எஃகுக் கம்பி ஒருமுறை மடிந்து சுருண்டுவிட்டால், அந்த இடத்தில் அதன் வலு போய்விடும் என்பதால், நிமிர்த்திப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும். டைட்டானியம் கம்பி அப்படி எளிதில் மடிவதில்லை; விலை கூடுதலானாலும் நெடுநாள் உழைக்கும்.

தெளிந்த நீரில், எளிதில் கண்ணுக்குத் தெரியாத செயற்கை இழையான ஃப்ளூரோகார்பன் லீடரைச் சிலர் விரும்புவார்கள். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ளது பல்லை ஓரளவு தாங்கும், ஆனால் அதுவும் அறுபடக்கூடியதே. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதை விரலால் தடவிப் பார்த்து, கீறல் பட்டிருந்தால் உடனே வெட்டிக் கட்டும் பொறுமை வரும்வரை, புதியவர் எஃகோடு நிற்பதே நல்லது.

லீடரின் இரு முனைகளிலும் உள்ள சிறு பாகங்களில் இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது. இரையை மாட்டும் கொளுக்கி மெல்லிய கம்பியால் ஆனதாக இருந்தால், மீன் தலையை உதறும்போது அது விரிந்து திறந்துவிடும். மறுமுனையில் உள்ள சுழலி நன்றாகச் சுழல வேண்டும்; இல்லாவிட்டால் சுழலும் தகடுள்ள இரைகள் சில மணி நேரத்தில் நரம்பு முழுவதையும் முறுக்கேற்றிவிடும். வாங்கும்போதே கொளுக்கியை விரலால் இழுத்தும் சுழலியைச் சுழற்றியும் பார்த்துவிடலாம்.

நரம்பு, கழி, ரீல்

சிறு மீன்களுக்கான மெல்லிய நரம்பைப் பைக்குக்கும் பயன்படுத்துபவர்கள், மீனின் எடையை மட்டுமே கணக்கிடுகிறார்கள். வழக்கமாகக் கிடைக்கும் பைக் இரண்டு மூன்று கிலோ இருக்கலாம்; 1986-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவான மீனின் எடையோ ஏறத்தாழ 25 கிலோ. எனினும் நரம்பை உண்மையில் சோதிப்பவை கனமான இரையை வேகமாக வீசும்போது ஏற்படும் உதறலும், மீன் நுழைந்துகொண்ட பாசிப் புதரின் சுமையும்தான். 14 முதல் 23 கிலோ வரை தாங்கும் பின்னல் நரம்பு இவை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். அதை வெறும் ரீல் உருளையின் மீது நேரடியாகச் சுற்றினால், இழுவையில் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். எனவே முதலில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பைச் சுற்ற வேண்டும்.

பின்னல் நரம்பு நீளாது என்பதால், மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் பிடியான ரீலின் டிராக்கை முழுவதுமாக இறுக்கி வைப்பது ஆபத்து. படகின் அருகே வந்த மீன் கடைசியாக ஒருமுறை பாயும்போது, நரம்பு விட்டுக்கொடுக்காவிட்டால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியேறும், அல்லது கழி முறியும். நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு இழுவிசையில் டிராக் நழுவத் தொடங்குமாறு வைத்தால் சரியாக இருக்கும்.

கழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2.1 முதல் 2.4 மீட்டர் நீளமும், 20 முதல் 60 கிராம் வரை வீசும் திறனும், நுனியில் மட்டும் வளையும் விறைப்பும் இருந்தால் போதும். மெலிந்த கழி, எலும்புத் தாடையில் முள்ளை ஏற்றாது. மீனையும் தேவையின்றி நெடுநேரம் களைப்படையச் செய்யும். ரீலில், உருளை சுழலாமல் நரம்பை விடும், 3000 அல்லது 4000 அளவுள்ள சாதாரண ஸ்பின்னிங் வகையே தொடங்குபவருக்கு ஏற்றது. உருளை சுழன்று நரம்பை விடும் பெய்ட்காஸ்டிங் ரீல் கனமான இரைகளுக்குச் சிறந்தது என்றாலும், கட்டைவிரல் பழகும்வரை நரம்பு கூடுகட்டிச் சிக்கிக்கொண்டே இருக்கும்.

இரையை நிறத்தால் தேர்ந்தெடுப்பது

இரைகளைப் பொறுத்தவரை, புதியவர்கள் நிறத்துக்குக் கொடுக்கும் இடத்தை அசைவுக்கும், அளவுக்கும், இரை நீந்தும் ஆழத்துக்கும் கொடுப்பதில்லை. பைக் கண்ணால் மட்டும் வேட்டையாடுவதில்லை. உடலின் பக்கக்கோடு வழியாக நீரின் அதிர்வையும் உணர்கிறது. 1936-இல் ஃபின்லாந்து மீனவர் லௌரி ரபாலா, தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தகட்டுத்தாளை ஒட்டிச் செய்த இரை புகழ்பெற்றதற்குக் காரணம் அதன் பளபளப்பு மட்டுமல்ல. அடிபட்ட சிறுமீன் தள்ளாடி நீந்துவதைப் போன்ற அதன் அசைவே முதன்மையான காரணம். கரண்டி வடிவத் தகட்டுக்கு ஜூலியோ பியூல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1852-இல். இத்தனை காலத்துக்குப் பிறகும், சிவப்பும் வெள்ளையும் பூசிய 20 முதல் 28 கிராம் எடையுள்ள கரண்டித் தகடு பைக்குக்கு நம்பகமான இரையாக நீடிக்கிறது.

நிறத்தில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். நீர் தெளிந்திருந்தால் வெள்ளி, பச்சை போன்ற இயற்கை நிறங்கள். கலங்கியோ தேநீர் நிறத்திலோ இருந்தால் மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறங்கள்.

அளவில் தவறுவது இரு வழிகளில் நடக்கிறது. ஐந்து செ.மீ. இரையை வீசி நாள் முழுவதும் சிறு மீன்களையே பிடிப்பவர் ஒருவகை. பெரிய மீன்தான் வேண்டுமென்று 25 செ.மீ. இரையை வாங்கி, அதை வீசத் தகுதியில்லாத கழியோடு தோள் வலிக்க நிற்பவர் இன்னொரு வகை. பைக் தன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள இரையையும் தயங்காமல் விழுங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் 10 முதல் 15 செ.மீ. வரையுள்ள இரைகளே நடுத்தர மீனையும் பெரிய மீனையும் ஒருசேர ஈர்க்கின்றன. நம் கழிக்கும் அவையே பொருந்துகின்றன.

ஆழத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. பைக்கின் கண்கள் தலையின் மேற்பகுதியில், முன்னும் மேலும் நோக்கி அமைந்திருக்கின்றன. எனவே தனக்கு மேலே நகரும் இரையை அது எளிதில் காண்கிறது. வயிற்றுக்குக் கீழே தரையை உரசிப் போகும் இரையைக் காணத் தவறிவிடுகிறது. நீர்த்தாவரங்கள் இரண்டு மீட்டர் ஆழத்தில் முடிந்தால், மூன்று மீட்டர் ஆழத்துக்கு மூழ்கும் இரை அங்கே ஒவ்வொரு வீச்சிலும் பாசியைத்தான் வாரிக்கொண்டு வரும். தாவரங்களின் தலைக்கு மேலே ஓர் அரை மீட்டரில் நீந்தும் இரைதான் அங்கே தேவை. அடர்ந்த இடங்களுக்கு, முள்ளின் முனையைக் கம்பியால் காக்கும் பாசி சிக்காத தகடு ஒன்று பெட்டியில் இருக்க வேண்டும்.

பருவத்தை மறந்து ஒரே இரையையே ஆண்டு முழுவதும் வீசுவதும் பரவலான தவறு. பனி உருகியதும் ஆழமற்ற குடாக்களில் பைக் முட்டையிடும். பல நாடுகளில் அந்தக் காலத்தில் அதைப் பிடிக்கவே தடை உண்டு. அதன்பின் வரும் நாள்களில் நீர் இன்னும் குளிர்ந்தே இருப்பதால், மீன் வேகமாகத் துரத்தாது. நிறுத்தினால் நீரின் நடுவே அப்படியே நிற்கும் சிறுமீன் உருவ இரையை நிறுத்தி நிறுத்தி இழுப்பது அப்போது பலன் தரும். கோடையில் 5-ஆம் எண் சுழல் தகடு போன்ற, அதிர்வு மிகுந்த இரைகள் தாவர ஓரங்களில் நன்றாக வேலை செய்யும். ஆனால் பெரிய மீன்கள் அப்போது குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், 15 கிராம் எடையுள்ள தலை கொண்ட முள்ளில் பொருத்திய மென்பிளாஸ்டிக் மீன் உருவமே அவற்றை எட்டும். இலையுதிர் காலத்தில் இரையின் அளவைத் துணிந்து கூட்டலாம். ஆக, வெவ்வேறு ஆழங்களில் நீந்தும் ஐந்தாறு இரைகளே போதும். ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில் நீந்தும் முப்பது நிறங்கள் தேவையில்லை.

இரையோடு வரும் முட்களை அப்படியே ஏற்பது

புதிய இரை என்பதால் முள் கூராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். நகத்தின்மேல் மெல்ல வைத்து இழுத்தால் கூரிய முள் பற்றிக்கொள்ளும், மழுங்கியது வழுக்கும். வழுக்கினால் அரம் போட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். மூன்று மும்முள் கொத்துகள் தொங்கும் இரையில் நடுவில் உள்ளதைக் கழற்றிவிடுவது பெரும்பாலும் நல்லது. மீனைப் பிடிக்க மற்ற இரண்டே போதும், மூன்றாவது வலையிலும் கையிலும்தான் அதிகம் ஏறுகிறது. முள்ளின் முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கொடுக்கைக் குறடால் நசுக்கிவிட்டால், முள் சில நொடிகளில் கழன்று வரும். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் கொடுக்கு இல்லாத முள் சட்டப்படியே கட்டாயம். ஈயத்திலும் கட்டுப்பாடுகள் உண்டு: கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகளும் ஈயத்தலை இரைகளும் தடைசெய்யப்பட்டவை. ஆகவே, மீன்பிடி உரிமத்தோடு அந்தந்த நீர்நிலையின் விதிகளையும் வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும்.

மென்பிளாஸ்டிக் இரைகளைப் பைக்கின் பற்கள் விரைவில் கிழித்துவிடும் என்பதால், சற்றுக் கெட்டியான வகையை வாங்குவது சிக்கனம். கிழிந்த துண்டுகளை நீரில் எறியாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். நீட்டினால் ரப்பர்போல் நீளும் வகையையும் சாதாரண மென்பிளாஸ்டிக்கையும் ஒரே அறையில் போட்டு வைத்தால், இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து சில நாள்களில் உருகி ஒட்டிவிடும். அவற்றை வந்த உறையிலேயே தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்.