பஸ்ல படிக்கிறப்போ வாந்தி வருதா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பொள்ளாச்சி-வால்பாறை பஸ்ல அடிக்கடி போறவன் நான். ஆழியார் தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு, அதுலயும் டிஎன்பிஎஸ்சி கைடை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பசங்களப் பாத்தா பழைய என்னையே பாக்குற மாதிரி இருக்கு. புரோட்டா சாப்ட்டு ஏறாதீங்க, ஜன்னல தொறந்து வைங்க, இதெல்லாம் உங்க பாட்டியே சொல்லிருப்பாங்க, விடுங்க.

"இந்த ஒரு பக்கம் முடிச்சுடறேன்"

எனக்கு எரிச்சலே இதுலதான். வாந்தி பெரும்பாலும் திடீர்னு வராது, சொல்லிட்டுத்தான் வரும். மொதல்ல கொட்டாவி மேல கொட்டாவி, அப்புறம் வாய் நெறைய எச்சில் ஊறும், நெத்தி சில்லுனு வேர்க்கும். கண்ணு அசையாத எழுத்தப் பாக்குது, உள்காது வண்டி திரும்புறத உணருது, ரெண்டும் ஒத்துப்போகாமத்தான் மூளை கொழம்புது. கொட்டாவியிலயே புக்க மூடிட்டு தூரத்து ரோட்டப் பாத்தா பெரும்பாலும் அடங்கிடும், எச்சில் ஊறுற வரைக்கும் இழுத்தீங்கன்னா அப்புறம் மூடினாலும் லேசுல போகாது, எறங்கி டீ குடிக்கிறப்பவும் தலை சுத்தும். போன தடவ பக்கத்துல ஒரு பையன், கொட்டாவி விட்டுக்கிட்டே படிக்கிறான். "தம்பி, மூடிட்டு வெளிய பாருப்பா"ன்னேன். "ரெண்டே கேள்விதாண்ணா"ன்னான். ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட், அது வர்றதுக்குள்ள கைடு, என் வேட்டி, கீழ இருந்த ஒரு அக்காவோட காய்கறிப் பை, எல்லாம் காலி. கண்டக்டர் கவர் எடுக்கக்கூட டைம் குடுக்கல.

கடைசி சீட்டு

வேண்டவே வேண்டாம்.

வயிறு பொரட்டினப்புறம் மாத்திரை

லேட்டு. அந்த நேரத்துல வயிறு மெதுவாத்தான் வேல செய்யும், மாத்திரை ஒழுங்கா ஏறாது. அவோமின் மாதிரி மாத்திரைய பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே போடணும், கொழந்தைகளுக்கும் மாசமா இருக்கிறவங்களுக்கும் டாக்டர கேக்காம குடுக்காதீங்க. இன்னொண்ணு, தூக்கம் தூக்கமா வரும். படிக்கணும்னே மாத்திரை போட்டுட்டு அட்டகட்டி வரைக்கும் கொறட்ட விடுறவங்களையும் பாத்திருக்கேன்.

மடியில புக்கு

குனியாதீங்க. கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சா ஓரப்பார்வையில ரோடு தெரியும், அதுவே பாதி ஒதவி. ஐபோன் வெச்சிருந்தா ஐஓஎஸ் 18ல இருந்து ஸ்க்ரீன் ஓரத்துல வண்டியோட சேந்து நகர்ற புள்ளிங்க வரும், சமவெளி ரோட்டுல போட்டுப் பாருங்க. ஆழியார் செக்போஸ்ட் வந்தா புக்கு பைக்குள்ள போயிடணும். அதுக்கு மேல படிச்சே ஆகணும்னா, முந்தின நாளே நோட்ஸ வாய்விட்டுப் படிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி ஹெட்செட்ல கேளுங்க, நடுவுல டவர் போனாலும் ஓடும்.