பாரிஸ் பிஸ்ட்ரோவில் நான் கேட்ட ‘சோறு’

பிரெஞ்சில் ‘ரி’ என்றால் அரிசி, சோறு. பாரிஸ் போன முதல் வாரத்தில் எனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து பிரெஞ்சு வார்த்தைகளில் அதுவும் ஒன்று. பிஸ்ட்ரோ என்று சொல்லும் ஒரு சின்னச் சாதாரண உணவகத்தில் சர்வர் அன்றைய சாப்பாட்டை எழுதிய கரும்பலகையை நாற்காலி மேல் தூக்கி வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார், ‘ரி த வோ’ என்றதும் நிறுத்தினேன். ‘வோ’ என்றால் கன்றுக்குட்டி என்பதும் தெரியும், சரி, கறியும் சோறும், பிரியாணிக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு அதையே கொடுங்கள் என்றேன். வந்தது வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்த இரண்டு துண்டுகள், உள்ளே மெத்தென்று வெள்ளையாக ஏதோ ஒன்று. ஒரு பருக்கைகூட இல்லை. முள்கரண்டியால் அடியில் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சமையலறை வாசலில் நின்ற ஓர் அண்ணன் கவனித்துவிட்டார். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், இவர் யாழ்ப்பாணம். “தம்பி, உது சோறு இல்லை, கண்டுக்குட்டியின்ர கழுத்துச் சுரப்பி. சாப்பிட்டுப் பாருங்கோ, நல்லா இருக்கும். சோறு வேணுமெண்டா நாளைக்கு எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லா ஷப்பெல் பக்கம் போங்கோ” என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. பலகையிலேயே விலை அதிகமானது அதுதான் என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. சோற்றுக்கான ‘ரி’யும் இந்தச் சுரப்பிக்கான ‘ரி’யும் எழுத்தில் வேறு, உச்சரிப்பு மட்டும் ஒன்று, அதனால் பலகையை நானே வாசித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

தெரிந்த மாதிரி இருக்கும் பெயரை நம்பி ஆர்டர் செய்வதுதான் முதல் தவறு. ‘மெனு’ என்ற சொல்லே ஏமாற்றும். அங்கே மெனு என்றால் பெரும்பாலும் ஒரே விலைக்கு மூன்று அயிட்டம் வரும் சாப்பாடு, நாம் கேட்கும் பட்டியலுக்குப் பெயர் ‘லா கார்த்’. ‘ஆந்த்ரே’ என்பது அமெரிக்காவில் முக்கிய உணவு, பிரான்சில் ஸ்டார்ட்டர். இது தெரியாமல் மூன்று ஆந்த்ரே வாங்கிவிட்டு அளவு இத்தனூண்டா என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘தார்த்தார்’ என்றால் பச்சை மாட்டுக்கறி, அடுப்பைப் பார்க்காது. ‘பூதான் நுவார்’ ரத்தத்தில் செய்யும் சாசேஜ், ஊரில் ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அதைத் தாராளமாகக் கேட்கலாம். ‘ஆந்துய்யெத்’ மட்டும் வேறு கதை. குடலுக்குள் குடலை அடைத்துச் செய்வது, குடல் குழம்பை விரும்பிச் சாப்பிடும் எனக்கே மேசைக்கு வருவதற்கு முன்னால் வந்த வாசனை கொஞ்சம் தயக்கத்தைக் கொடுத்தது.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது: மனதில் ஒரு பட்டியலோடு உள்ளே போவது. வெங்காய சூப், நத்தை, ஸ்டேக், கிரெம் ப்ரூலே என்ற இனிப்பு, நாலையும் முடித்தால்தான் பாரிஸ் முடிந்தது என்று ஜூலை மாத வெயிலில் வெங்காய சூப்பைத் தேடி அலைவார்கள். கொதிக்கக் கொதிக்க, மேலே சீஸ் உருகி வழியும் குளிர்காலச் சாப்பாடு அது. ஜூலையில் அது கட்டாயம் கிடைக்கும் இடங்கள் உண்டு, ஐந்து மொழியில் லேமினேட் செய்த அட்டையும் அதில் சாப்பாட்டுப் படங்களும் வைத்திருக்கும் இடங்கள். நல்ல பிஸ்ட்ரோவில் பலகையில் மூன்று ஆந்த்ரே, மூன்று முக்கிய உணவு, மூன்று இனிப்பு இருக்கும், தீர்ந்துபோனதைத் துணியால் துடைத்துவிடுவார்கள். அந்தச் சின்னப் பட்டியலைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று எழுந்து போகிறவர்கள்தான் ஏமாந்தவர்கள்.

அந்தப் பலகை சிறியதாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஈவ் காம்த்போர்த் என்ற சமையற்கலைஞர் கிரியோன் என்ற ஆடம்பர ஓட்டலின் சமையலறையை விட்டு வெளியே வந்து 1992-ல் பாரிஸ் 14-ஆம் வட்டாரத்தில் ‘லா ரெகாலாத்’ என்ற சாதாரண பிஸ்ட்ரோவைத் திறந்தார். வெள்ளிக் கரண்டி, பட்டுத் திரை எல்லாம் வேண்டாம், அன்று சந்தையில் நன்றாகவும் மலிவாகவும் கிடைப்பதைப் பெரிய ஓட்டலின் கைப்பக்குவத்தோடு நியாயமான விலைக்குக் கொடுப்போம் என்பதுதான் கணக்கு. இந்தப் போக்குக்கு ‘பிஸ்ட்ரோனோமி’ என்ற பெயர் 2004-ல்தான் வந்தது. சந்தையை நம்பிச் சமைப்பவரால் நாற்பது அயிட்டம் போட முடியாது, போட்டால் பாதி ஃப்ரீசரிலிருந்துதான் வர வேண்டும்.

அதனால் போகும் மாதத்தில் என்ன விளையும் என்று மேலோட்டமாகத் தெரிந்துகொண்டு போங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெள்ளை ஆஸ்பராகஸ், ஆட்டுக்குட்டிக் கறி, ஸ்ட்ராபெரி. கோடையில் தக்காளி, பீச். இலையுதிர் காலத்தில் செப் என்ற காட்டுக் காளான், மான், காட்டுப்பன்றி. விசிறி வடிவத்தில் இருக்கும் சேன் ஷாக் சிப்பியைப் பிரான்சில் பிடிக்க அனுமதியே அக்டோபர் 1 முதல் மே 15 வரைதான், ஆகஸ்டில் அது தட்டுக்கு வந்தால் எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மரப்பட்டை வளையத்துக்குள் வரும், கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் மோன் தோர் சீஸ் விற்பனையும் அப்படித்தான், செப்டம்பர் 10-லிருந்து மே 10 வரை. நான் நவம்பரில் சாப்பிட்டேன், வேகவைத்த உருளைக்கிழங்கோடு. அதற்காகவே இன்னொரு நவம்பர் போகலாம்.

நேரம் இன்னொரு தொல்லை. மதியம் மூன்றரைக்குப் பசிக்கிறது என்று போனால் அடுப்பு அணைந்திருக்கும். மதியம் 12-லிருந்து சுமார் 2, இரவு ஏழு ஏழரைக்கு மேல்தான் சாப்பாடு, நடுவில் பசித்தால் பிராஸரி வகைக் கடைகளுக்குப் போங்கள், அங்கே பல இடங்களில் நாள் முழுக்கச் சமைப்பார்கள். ஞாயிறு, திங்கள் பல பிஸ்ட்ரோக்களுக்கு விடுமுறை, ஆகஸ்டில் சிலர் மூன்று வாரம் பூட்டிவிட்டு ஊருக்கே போய்விடுவார்கள். இரவுக்கு இடம் சொல்லி வைத்துவிடுங்கள். காசைப் பார்ப்பவர் மதியம் போங்கள், அதே சமையல்காரர், அதே அடுப்பு, ‘ஃபோர்முல்’ என்று இரண்டு அயிட்டம் ஒரே விலையில் கிடைக்கும், இரவில் அந்த விலைக்கு முக்கிய உணவு மட்டும்தான் வரும்.

உள்ளே நுழைந்ததும் ‘போன்ஷூர்’ என்று வணக்கம் சொல்லாமல் நேராகக் காலி மேசையில் போய் உட்காராதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லும் நம்மாட்கள் பாதிப் பேர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதவர்கள்தான். சர்வரைக் கைதட்டியோ ‘கார்சோன்’ என்றோ கூப்பிடக் கூடாது, அது ‘டேய் பையா’ மாதிரி. ‘மெஸியூ’, அதாவது ஐயா, போதும்.

ஒயின் விஷயத்தில் நம்மவர்கள் பயந்துபோய் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, பெயர் தெரிந்தது என்பதற்காக எதற்கெடுத்தாலும் போர்தோ சிவப்பு ஒயின். மீனுக்கும் அதே போர்தோ. இன்னொன்று, முழு பாட்டிலை வாங்கிவிட்டுப் பாதியில் திணறுவது. தேவையே இல்லை, கிளாஸ் கணக்கில் கிடைக்கும், ‘பிஷே’ என்ற சின்னக் கூஜாவில் கால் லிட்டர், அரை லிட்டர் என்றும் கிடைக்கும். என்ன சாப்பிடப் போகிறீர்கள், எவ்வளவு செலவு செய்வீர்கள் என்று இரண்டையும் சர்வரிடம் சொல்லிவிட்டு விடுங்கள், அவர் தினமும் அந்த ஒயினோடு வாழ்கிறவர். சிப்பிக்கு முஸ்காதே என்ற வெள்ளை ஒயினைச் சொன்னால் மறுக்காதீர்கள். பொஜொலே சிவப்பு ஒயின் லேசாகக் குளிர்ந்து வந்தால் தவறு என்று திருப்பி அனுப்பாதீர்கள், அப்படித்தான் குடிக்க வேண்டும். அதன் புது அறுவடை ஒயின் ஒவ்வொரு வருடமும் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும், அன்று பிஸ்ட்ரோக்களில் திருவிழாக் கூட்டம்.

பாட்டில் வாங்கினால் கொஞ்சம் ஊற்றி நீட்டுவார்கள். அது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு அல்ல, ஒயின் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் தக்கை கெடுத்துவிட்டது, தைரியமாகச் சொல்லலாம், மாற்றித் தருவார்கள். வாசனை சரியாக இருந்தால் தலையசையுங்கள், கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கி ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம்.

மாட்டுக்கறி சாப்பிடுபவர்களுக்கு: ‘ஆ புவான்’ என்று கேட்டால் நாம் நினைக்கும் நடுத்தரப் பதம் வராது, உள்ளே நல்ல சிவப்பாகத்தான் இருக்கும். முழுக்க வெந்து வேண்டுமென்றால் ‘பியான் குய்’. சர்வர் முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை, சாப்பிடப் போவது நீங்கள்தான்.

சைவக்காரர்களின் பெரிய தவறு சாலட் என்ற சொல்லை நம்புவது. லியோன் சாலட்டில் பன்றிக்கறித் துண்டுகள் இருக்கும், தென்மேற்குப் பக்கத்துச் சாலட்டில் வாத்தின் இரைப்பை. வெங்காய சூப்பை மாட்டு எலும்புச் சாறில் செய்வது வழக்கம். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் சாப்பிடுவீர்கள்தானே என்று கேட்பார்கள், அதனால் கறி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றித் துண்டு வேண்டாம், கறிச்சாறு வேண்டாம் என்று பிட்டுப் பிட்டு வைக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். தண்ணீருக்கான சொல்லான வெறும் ‘ஓ’ என்று கேட்டால் பாட்டில் தண்ணீர் வந்து பில்லில் ஏறலாம், ‘காராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர், சட்டப்படி இலவசம், அதை உணவுப் பட்டியலிலோ அறிவிப்பிலோ குறிப்பிட வேண்டும் என்று 2022-லிருந்து விதியே இருக்கிறது. ரொட்டியும் சாப்பாட்டோடு சேர்ந்ததுதான். அதற்குத் தட்டு வராது, மேசை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸுக்காகக் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சர்வீஸ் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது. மனது நிறைந்தால் ஓரிரு யூரோ சில்லறையை மேசையில் விடலாம். பில் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள், கேட்காமல் கொண்டுவந்தால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவர்கள் கொண்டுவரவே மாட்டார்கள். இது தெரியாமல் ஒருநாள் காபி குடித்து முடித்த பிறகு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கடைசியில் சர்வரே வந்து இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டார்.