எம்சிபி இருக்குல்ல, அப்புறம் என்னங்கறவங்களுக்கு: பழைய வீட்டு ஒயரிங்க நாமளே எப்படி செக் பண்றது

போன வருஷம் ஐப்பசி மழை சமயத்துல எங்க சித்தி போன்ல ஊர்க்கதை எல்லாம் பேசிட்டு கடைசியா, "பிரிட்ஜ தொட்டா ஜிவ்வுன்னு இழுக்குதுடா, செருப்பு போட்டுட்டுதான் தொறக்குறேன்"னு சொன்னாங்க, ஏதோ குழாய் சொட்டுதுங்கற மாதிரி. எத்தன நாளான்னு கேட்டா ரெண்டு மாசமாம். திருச்சி பக்கம் 92ல கட்டின வீடு. சித்தப்பா பக்கத்துல இருந்து "அதெல்லாம் எம்சிபி போட்டாச்சு, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும், பயப்படாத"ன்னு குரல் குடுக்குறாரு. இந்த நெனப்புதான் முக்காவாசி வீட்டுல இருக்கு, அதனால மொதல்ல இத ஒடச்சிட்டு அப்புறம் மத்தத பாப்போம்.

எம்சிபின்னா கரண்ட் அளவுக்கு மேல போனா தானா விழுந்து கட் பண்ற ஸ்விட்ச். அது காப்பாத்துறது ஒயர, நம்மள இல்ல. 16 ஆம்ஸ் எம்சிபின்னா அதுக்கு மேல கரண்ட் போனாதான் அது யோசிக்கவே ஆரம்பிக்கும். ஈரக் கையோட, வெறுங்கால்ல நிக்குற ஆளோட உடம்பு ரெசிஸ்டன்ஸ் தோராயமா 1000 ஓம்னு வைங்க, 230 வோல்ட்ல கால் ஆம்ஸ் கூட போகாது, 0.23 ஆம்ஸ்தான். ஆனா ஆள முடிக்க அதுல கால்வாசி போதும், 50 மில்லி ஆம்ஸ் தாண்டினாலே நெஞ்சு துடிப்பு தாறுமாறா போக வாய்ப்பு இருக்கு. எம்சிபி கணக்குல நாம ஒரு அம்பது வாட்ஸ் குண்டு பல்பு, அவ்ளோதான். பல்பு எரியுதேன்னு எந்த எம்சிபியாவது ட்ரிப் ஆகுமா?

நம்ம உயிருக்குன்னு இருக்கறது ஆர்சிசிபி. சில எலக்ட்ரீஷியன் இன்னும் ஈஎல்சிபின்னு பழைய பேர்லயே சொல்லுவாங்க. அது பேஸ்ல போற கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இருக்கான்னு மட்டும் பாக்கும், கொறஞ்சா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம், உடனே கட் பண்ணிடும். டிபி பாக்ஸ (எம்சிபி எல்லாம் வரிசையா இருக்கற பெட்டி) தொறந்து பாருங்க (கவர் கதவ மட்டும், ஸ்க்ரூ எதையும் கழட்ட வேணாம்), எம்சிபிய விட அகலமா, ஓரத்துல T போட்ட சின்ன பட்டனோட ஒண்ணு இருக்கணும். அதுல 30 மில்லி ஆம்ஸ்னு போட்டிருந்தா ஆளுக்கு பாதுகாப்பு. 100, 300னு போட்டிருந்தா அது தீ விபத்துக்காக போடறது, நம்மள காப்பாத்தாது. ரெண்டும் வெளிய பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், நம்பர படிச்சு பாத்துதான் வாங்கணும். T பட்டன அமுக்கினா டப்புன்னு விழணும், விழலன்னா அது வெறும் பிளாஸ்டிக் டப்பா, மாத்துங்க. மாசம் ஒரு தடவ அமுக்கினா நல்லது, பால் கணக்கு முடிக்குற அன்னிக்குன்னு வச்சுக்கிட்டா மறக்காது. இது ஓவர்லோட பாக்காது, அதனால எம்சிபியும் வேணும், ரெண்டும் வேற வேற வேல.

இப்ப எர்த், அதாவது கசியுற கரண்ட மண்ணுக்குள்ள இறக்கி விடுற ஒயர். சித்தி வீட்டுல பிரிட்ஜ் இழுத்ததுக்கு காரணம் கண்டுபிடிச்சப்ப எனக்கே சிரிப்பும் வந்துச்சு பயமும் வந்துச்சு. அந்த காலத்துல வீட்டு எர்த் ஒயர தண்ணி வர்ற ஜிஐ பைப்புல ஒரு கிளாம்ப் போட்டு கட்டி விட்டிருக்காங்க, இரும்பு பைப் மண்ணுக்குள்ள போறதால ஏதோ ஓடிட்டு இருந்திருக்கு. பத்து வருஷம் முன்னாடி பைப் துரு புடிச்சுதுன்னு பிளம்பர் வந்து கீழ பூரா பிவிசி மாத்திட்டு, எர்த் கட்டின அந்த ஒரு துண்டு இரும்பு பைப்ப மட்டும் செவுத்துல அப்படியே விட்டுட்டு போயிட்டாரு. அதாவது வீடு பூரா பச்ச ஒயர் இருக்கு, மூணு பின் பிளக் இருக்கு, எல்லாம் போய் முடியுறது அந்தரத்துல தொங்குற ரெண்டடி பைப்புல. பிரிட்ஜ் கம்ப்ரசர்ல லேசா கசிஞ்சது அந்த பச்ச ஒயர் வழியா வாஷிங் மெஷின் பாடிக்கும் போயிருக்கு, கிரைண்டர் பாடிக்கும் போயிருக்கு. எர்த் இல்லாம இருக்கறத விட இது மோசம். உங்க வீடு 2000த்துக்கு முன்னாடி கட்டினதுன்னா, நடுவுல பைப் மாத்தியிருந்தீங்கன்னா, எர்த் ஒயர் எங்க போய் முடியுதுன்னு கண்ணால ஒரு தடவ பின்னாடியே போய் பாத்துடுங்க.

நாமளே செக் பண்ண ஈஸியான வழி, மூணு லைட் போட்ட சாக்கெட் டெஸ்டர் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, ஒவ்வொரு பிளக் பாயிண்ட்லயும் சொருகினா எர்த் இல்ல, பேஸும் நியூட்ரலும் மாறியிருக்குன்னு காட்டிடும். நேரா நின்னு பாத்தா நம்ம வலது பக்க ஓட்டை பேஸ், இடது நியூட்ரல், மேல பெருசா இருக்கறது எர்த். ஆனா இந்த டெஸ்டர் எர்த் "இருக்கு"ன்னுதான் சொல்லும், நல்ல எர்த்தான்னு சொல்லாது. எலக்ட்ரீஷியன் குண்டு பல்ப வச்சு எரிய விட்டு காட்டுவாரே, அதுவும் அப்படித்தான், எர்த் அம்பது ஓம் இருந்தாலும் பல்ப் பளிச்சுன்னுதான் எரியும். எர்த் குழிய (எர்த் ஒயர் மண்ணுக்குள்ள இறங்குற எடம்) சரியா அளக்கணும்னா எர்த் டெஸ்டர் மீட்டரோட ஒரு ஆள் வரணும், 5 ஓமுக்கு கீழ இருந்தா வீட்டுக்கு நல்ல எர்த். கோடையில மண்ணு காஞ்சா இந்த அளவு ஏறிடும், எர்த் குழில தண்ணி ஊத்த சொல்றது அதுக்குத்தான்.

எர்த் நல்லா இருந்தா ஆர்சிசிபி எதுக்குன்னு கேப்பீங்க. அந்த 5 ஓம் எர்த்லயே பேஸ் ஒயர் பாடில முழுசா பட்டா போற கரண்ட் 46 ஆம்ஸ். வீட்டுல சாதாரணமா போடுற 16 ஆம்ஸ் சி டைப் எம்சிபி சட்டுன்னு விழணும்னா 80 ஆம்ஸாவது வேணும், 46க்கு சூடாகி சூடாகி விழ சில சமயம் ஒரு நிமிஷம் கூட ஆகலாம், அது வரைக்கும் பிரிட்ஜ் பாடில கரண்ட் நிக்கும். ஆர்சிசிபி இருந்தா கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள போயிடும். மறுபக்கம், ஆர்சிசிபி இருந்து எர்த் இல்லன்னா நீங்க தொட்டாதான் அதுக்கே தெரியும், ஷாக் அடிச்சப்புறம்தான் விழும். ரெண்டும் ஜோடியா வேணும்ங்கறது இதனாலதான்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிடறேன், எர்த் இல்லாத பாயிண்ட்ல சில பேர் நியூட்ரல்லேந்து ஒரு சின்ன ஒயர எடுத்து எர்த் ஓட்டைல லூப் போட்டு "எர்த் குடுத்தாச்சு சார்"னு கெளம்பிடுவாங்க. டெஸ்டர்ல எல்லா லைட்டும் சரியா காட்டும். என்னிக்காவது நியூட்ரல் லூஸ் ஆச்சுன்னா அந்த மெஷின் பாடி பூரா 230 வோல்ட். புது ஆள் வேலை பாத்தா மூடுறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ண சொல்லி சாக்கெட் பின்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

இனிதான் உண்மையான தலவலி. பழைய வீட்டுல ஆர்சிசிபி போட்டா முதல் நாளே விழும். சித்தி வீட்டுலயும் விழுந்துச்சு, வந்தவரு அர மணி நேரம் பாத்துட்டு "இந்த வீட்டுக்கு இது செட்டாகாதுங்க"ன்னு ஒயர நேரா பைபாஸ் பண்ணிட்டு போயிட்டாரு, டப்பா மட்டும் அழகா உள்ள உக்காந்திருக்கு. நம்ம ஊர்ல இதுக்கு அடிக்கடி காரணமா இருக்கறது இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரல தனியா இழுக்காம வீட்டு நியூட்ரலோடயே சேத்து முறுக்கியிருப்பாங்க, அப்ப பேஸ் ஒரு வழியா போய் நியூட்ரல் வேற வழியா திரும்பும், ஆர்சிசிபி அத கசிவுன்னு நெனச்சு விழும். அது மேல தப்பே இல்ல. இன்வெர்ட்டர் நியூட்ரல தனியா பிரிச்சா சரியாயிடும், ஒரு நாள் வேலை, கூலி கூட கேப்பாங்க, குடுங்க.

இன்வெர்ட்டர் இல்லாமலும் விழுதுன்னா இப்படி தேடலாம்: எல்லா எம்சிபியும் கீழ தள்ளிட்டு ஆர்சிசிபிய மேல தூக்குங்க, நின்னுச்சுன்னா ஒவ்வொரு எம்சிபியா போட்டுட்டே வாங்க, எத போட்டதும் விழுதோ அந்த லைன்ல இருக்கற சாமான எல்லாம் பிளக்கோட பிடுங்கிட்டு (ஸ்விட்ச ஆஃப் பண்ணா போதாது) திரும்ப ஒண்ணொண்ணா சொருகுங்க. எங்க அனுபவத்துல மாட்டுறது கீசர் காயில், பழைய கிரைண்டர், இல்லன்னா மொட்டை மாடி லைட் ஹோல்டர்ல மழைத்தண்ணி. எல்லா எம்சிபியும் கீழ இருக்கும்போதே விழுதுன்னா நியூட்ரல் எங்கயோ எர்த்த தொடுது, ஏன்னா சாதா எம்சிபி பேஸ மட்டும்தான் கட் பண்ணும், அதுக்கு ஆள கூப்புடுங்க.

சூடு விஷயம் தனி. ஜாயிண்ட் லூஸா இருந்து சூடாகுறத எம்சிபியும் கண்டுக்காது ஆர்சிசிபியும் கண்டுக்காது. கீசர் இருபது நிமிஷம் ஓடினதும் ஆஃப் பண்ணி, காஞ்ச கையோட பிளக்கையும் ஸ்விட்ச் மேலயும் தொட்டு பாருங்க, லேசா வெதுவெதுப்புன்னா பரவால்ல, கை வைக்க முடியலன்னாலோ பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருந்தாலோ கருகின வாசன வந்தாலோ அன்னிக்கே மாத்துங்க. 2000 வாட்ஸ் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்ஸ் இழுக்கும், அத 6 ஆம்ஸ் சின்ன பிளக் பாயிண்ட்ல கன்வெர்ட்டர் போட்டு ஓட்டுறவங்க இருக்காங்க. இண்டக்ஷன் அடுப்பும் அதே கணக்குதான், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடவே கூடாது. ஒயர் அளவு வழக்கமா லைட் ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், பெரிய பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4, ஒவ்வொண்ணுக்கும் தனி லைன். எம்சிபி அடிக்கடி விழுதுன்னு ஒயர மாத்தாம 16அ எடுத்துட்டு 25 போடறது, பழைய கட்டை ப்யூஸ்ல ஒயர ரெண்டா மூணா முறுக்கி சுத்தினோமே அதே வேலதான், செவுத்துக்குள்ள ஒயரே ப்யூஸா எரியும்.

பல்ப் மாத்தும்போது ஸ்விட்ச மட்டும் நம்பாதீங்க. சில பழைய வீட்டுல ஸ்விட்ச் நியூட்ரல்ல இருக்கும், ஆஃப் பண்ணாலும் ஹோல்டர்ல பேஸ் நிக்கும். ஆஃப் பண்ண எல்இடி பல்ப் ராத்திரில மங்கலா மினுக்கினா அந்த சந்தேகம் வரணும் (ஸ்விட்ச்ல சின்ன இண்டிகேட்டர் லைட் இருந்தாலும் மினுக்கும், அது வேற). மெயின ஆஃப் பண்ணாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடதான் இருக்கும், அதையும் ஆஃப் பண்ணி ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் வச்சு பாத்துட்டுதான் கைய வைக்கணும். டெஸ்டர் வேலை செய்யுதான்னு முன்னாடி எரியுற பாயிண்ட்ல ஒரு தடவ வச்சு பாத்துக்கோங்க. லேப்டாப் ரெண்டு பின் சார்ஜர்ல லேசா சுறுசுறுன்னு இருக்கறது அந்த சார்ஜரோட சுபாவம், அதுக்கு பதறவேணாம்.

வெளிய, துணி காயப்போடற கம்பிய ஈபி ஒயர் வர்ற இரும்பு பைப்புலயோ போஸ்ட்லயோ கட்டவே கட்டாதீங்க, நைலான் கயிறு போதும். யாரையாவது கரண்ட் புடிச்சிருந்தா தொடாம மொதல்ல மெயின் ஆஃப், அது முடியலன்னா காஞ்ச கட்ட மேல நின்னு காஞ்ச கட்டையால தள்ளி விட்டுட்டு 108. மூச்சு இல்லன்னா நடு நெஞ்சுல ரெண்டு கையும் வச்சு நிமிஷத்துக்கு 100லேந்து 120 தடவ, ரெண்டு அங்குலம் உள்ள போற மாதிரி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அமுக்குங்க. மீட்டருக்கு இந்த பக்கம் நம்ம பொறுப்பு, அந்த பக்கம் சர்வீஸ் ஒயர்ல தீப்பொறியோ ஒயர் அறுந்து கெடந்தாலோ பக்கத்துலயே போகாதீங்க, போஸ்ட் கம்பி விழுந்திருந்தா கட்டையும் உதவாது. மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், 94987 94987க்கு போன் போட்டுட்டு, ஆள் வர்ற வரைக்கும் தெருப் பசங்கள தள்ளி நிறுத்துங்க.