பூனை அசையாமல் இருந்தால் பழகிவிட்டது என்று அர்த்தமில்லை

மிரளும் பூனையை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான். கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்ததை இழுத்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பாருங்க, எவ்வளவு சமத்தா இருக்கு" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். சமத்தும் இல்லை ஒன்றும் இல்லை, பயத்தில் உறைந்துபோயிருந்தது. உடம்பு கட்டையாக இறுகி, கண்மணி விரிந்து, காது பக்கவாட்டில் படிந்திருந்தால் பூனை எப்போது விடுவார்கள் என்று காத்திருக்கிறது, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து என் காலடிச் சத்தம் கேட்டாலே ஓட்டம். அந்த ஐந்து நிமிடத்தைச் சரிக்கட்ட இரண்டு மாதம் ஆனது.

அடுத்தது, நல்ல யோசனை மாதிரியே தெரிகிற தவறு: தீனியைக் காட்டி வரவழைத்து, அது தின்னும்போது தடவுவது. தட்டு வந்தால் பின்னாலேயே கையும் வரும் என்றுதான் பூனை இதில் கற்றுக்கொள்கிறது, கொஞ்ச நாளில் தட்டையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிடும். வரிசையை மாற்றுங்கள். கன்னத்தில் ஒரு விரலால் ஒரு நொடி தொட்டு, கையை எடுத்து, உடனே தீனி. முதலில் கை, பிறகு தீனி, எப்போதும் அதே வரிசை.

தலைக்கு மேலிருந்து கையை இறக்காதீர்கள். தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, முறைத்துப் பார்க்காமல், விரலை அதன் மூக்கு உயரத்தில் சற்றுத் தள்ளி நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தை உரசினால் சரி, தடவலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்றைக்கு வேண்டாம். தடவும்போதும் மூன்று நொடிக்கு ஒருமுறை கையை நிறுத்திப் பாருங்கள், வேண்டுமென்றால் அதுவே தலையைக் கொண்டுவந்து முட்டும். வால் நுனி வெடுக்கென்று ஆடினாலோ முதுகுத் தோல் சிலிர்த்தாலோ போதும் என்று பொருள். பிராண்டியது திடீரென்று என்று சொல்பவர்கள் பலரும் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான்.

சீறினால் அதட்டாதீர்கள். அதட்டி அதட்டிச் சீறலை நிறுத்திவிட்டால் பயம் போய்விடாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும், அடுத்த முறை நேராகக் கடிதான். பிடரியைப் பிடித்துத் தூக்குவதும் வேண்டாம், தாய்ப்பூனை அப்படித் தூக்குவது சின்னக் குட்டியைத்தான்.

இன்னொன்று, பூனைக்குட்டி மனிதர்களோடு எளிதாகப் பழகும் காலம் ஏறக்குறைய 2 முதல் 7 வாரம் வரை. அந்த வயதில் மனிதக் கையே படாமல் வளர்ந்தது உங்கள் மடிக்கு வராமலே போகலாம். பக்கத்தில் வந்து படுத்தால் அதுவே பெரிய விஷயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றாகப் பழகிய பூனை திடீரென்று தொடவிடவில்லை என்றால் மட்டும் பயிற்சியை எல்லாம் ஓரம்கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பல்லோ மூட்டோ வலிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.